லைவ் போட்டால் படம் திக்குதா? ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டாவது பிசி: எதற்குக் காசு போடலாம்?

ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம். சில வருடங்களுக்கு முன்னால் நடுத்தர பட்ஜெட்டில் கட்டிய கேமிங் பிசி பல வீடுகளில் இப்படித்தான் இருக்கும். சும்மா விளையாடும்போது ஒரு குறையும் இல்லை. லைவ் ஸ்ட்ரீமிங் சாஃப்ட்வேரான ஓபிஎஸ்ஸைத் திறந்து யூடியூபில் லைவ் போட்டதும்தான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது. நமக்கு கேம் நன்றாக ஓடுகிறது, பார்ப்பவர்களுக்குத் திக்கித் திக்கி வருகிறது. கடைக்காரரிடம் கேட்டால் பிசியையே மாற்றச் சொல்வார். அவர் வியாபாரம் அவருக்கு.

காசை எடுப்பதற்கு முன், ஓபிஎஸ்ஸில் வியூ மெனுவுக்குள் இருக்கும் ஸ்டாட்ஸ் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் லைவ் ஓட்டுங்கள். பார்க்க வேண்டிய எண்கள் மூன்று. ரெண்டரிங் லேக் ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மூச்சு முட்டுகிறது. என்கோடிங் லேக் ஏறினால் வீடியோவைச் சுருக்கும் வேலை பின்தங்குகிறது. நெட்வொர்க்கில் ஃப்ரேம் விழுந்தால் பிசியைத் தொடவே வேண்டாம்: வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறி, பிட்ரேட்டை (விநாடிக்கு அனுப்பும் டேட்டா அளவு) அப்லோடு வேகத்தில் முக்கால் பங்குக்குள் வையுங்கள்.

ரெண்டரிங் லேக்கைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கேம் ஸ்க்ரீன், கேமரா, சாட் பெட்டி எல்லாவற்றையும் ஒரே படமாக அடுக்குவதற்கு ஓபிஎஸ்ஸுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுதான் வேண்டும். கேம் அதை முழுசாக விழுங்கிவிட்டால் ஓபிஎஸ்ஸுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. கேமுக்குள் எஃப்பிஎஸ்ஸுக்கு (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) ஒரு வரம்பு வைத்து, ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

என்கோடிங் லேக் என்றால் செட்டிங்ஸில் அவுட்புட் பக்கத்தைப் பாருங்கள். என்கோடர் எக்ஸ்264 என்று இருந்தால், கேமை ஓட்டும் அதே ப்ராசஸர்தான் வீடியோவையும் சுருக்குகிறது. அதை என்விடியா கார்டுக்குள்ளேயே இருக்கும் என்கோடரான என்வென்க்குக்கு மாற்றுங்கள். ராமையும் ஒரு பார்வை பாருங்கள். 3200 வேக டிடிஆர்4 வாங்கியிருந்தாலும், போர்டின் அடிப்படை செட்டிங்ஸான பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போடாவிட்டால் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். ஒற்றைக் குச்சியாக இருந்தால் இன்னும் மோசம். ரைசனுக்கு ராம் வேகம் ரொம்ப முக்கியம்.

இத்தனைக்கும் பிறகு திக்கினால்தான் வாங்கும் பேச்சு.

முதல் வழி ப்ராசஸர். அதே பி450 போர்டில் பயாஸை அப்டேட் செய்துவிட்டு ரைசன் 7 5700எக்ஸ் போடலாம். எட்டு கோர், 65 வாட். வால்ரன்ட், ஜிடிஏ 5 ரோல்பிளே மாதிரி ப்ராசஸரைப் பிழியும் கேம்களில் கேமே வேகமாகும், அது நிஜமான லாபம். ஆனால் எக்ஸ்264-இல் அழகான படம் வேண்டும் என்பதற்காக மட்டும் இதை வாங்குவது வீண். கேம் ஓடும்போது, மெதுவாகச் சுருக்கி நல்ல படம் தரும் மீடியம் ப்ரீசெட் எல்லாம் எட்டு கோருக்கும் சுமைதான். கடைசியில் தரம் குறைந்த வேகமான வெரிஃபாஸ்ட் ப்ரீசெட்டில் வந்து நிற்பீர்கள், அதைவிட நல்ல என்வென்க் சுத்தமாகவே இருக்கும்.

அதனால் என் ஓட்டு இரண்டாவது வழியான கிராஃபிக்ஸ் கார்டுக்கு. என்வென்க் என்பது சிப்புக்குள் தனியாக இருக்கும் பகுதி, கேமிடமிருந்து அதிகம் பிடுங்காது. சிக்கல் என்னவென்றால், ஜிடிஎக்ஸ் 1650 முதலில் வந்தபோது அதில் இருந்தது பழைய வோல்டா தலைமுறை என்வென்க். பின்னால் வந்த 1650 சூப்பரில்தான் அடுத்த தலைமுறையான டூரிங் என்வென்க் வந்தது. எச்.264 என்ற வழக்கமான வீடியோ வடிவத்தில் அதே தரத்துக்கு 15 சதவீதம் வரை பிட்ரேட் மிச்சமாகும் என்று என்விடியா சொன்னது இந்த டூரிங்கைத்தான். ட்விட்ச்சில் 6000 கேபிபிஎஸ்ஸுக்குள் அடக்க வேண்டியிருப்பதால் அந்த மிச்சம் கண்ணுக்கே தெரியும்.

புதிதாக எடுத்தால் ஆர்டிஎக்ஸ் 4060. 115 வாட்தான், குறைந்த பிட்ரேட்டிலேயே நல்ல படம் தரும் ஏவி1 வடிவத்துக்கான என்கோடரும் உண்டு. யூடியூப் ஏவி1 லைவை ஏற்றுக்கொள்வதால் குறைந்த அப்லோடு உள்ளவர்களுக்கு அது வரம். கார்டைப் போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதை பி450-இல் 3.0 என்பதால் கொஞ்சம் வேகம் போகும், கவலைப்படும் அளவுக்கு இல்லை. பவர் சப்ளை மேல் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இருக்கிறது. தனி பவர் கேபிள் தேவையில்லை, ஆனால் ஏவி1 கிடையாது.

விலை மலிவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அதில் வீடியோ என்கோடரே கிடையாது. போதாததற்கு பிசிஐஇ பாதையில் நான்கு தடங்கள்தான், 3.0 போர்டில் கேமும் அடி வாங்கும். செகண்ட் ஹேண்டில் கார்டு தேடுகிறவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வழி கொஞ்சம் கிறுக்குத்தனமானது, எனக்குப் பிடித்தது. பழைய கார்டைக் கேமுக்கு வைத்துக்கொண்டு, இரண்டாவது ஸ்லாட்டில் இன்டெல் ஆர்க் ஏ380 போட்டு என்கோடிங்கை மட்டும் அதனிடம் கொடுப்பது. ஏவி1 கிடைக்கிற மலிவான வழிகளில் இது ஒன்று. ஆனால் பல பி450 போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட் பிசிஐஇ 2.0 வேகம்தான், ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போயாக வேண்டும். இரண்டு கம்பெனி டிரைவரும் ஒரே விண்டோஸில் குடித்தனம் நடத்தணும். நோண்டிப் பார்ப்பதில் ஆசை உள்ளவர்களுக்கு மட்டும்.

கடைசியாக இரண்டாவது பிசி. பெரிய ஸ்ட்ரீமர்கள் வீடியோவில் பார்த்துவிட்டு எல்லாருக்கும் வரும் ஆசை. என்வென்க் இவ்வளவு முன்னேறாத காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று ஒரு பிசியில் சமாளிக்க முடியாதவர்கள் குறைவு. படம் அனுப்புவதுகூடச் சுலபம், ஆடியோதான் உயிரை எடுக்கும். கேம் சத்தம், மைக், டிஸ்கார்ட் மூன்றையும் எதிரொலி இல்லாமல் அடுத்த பிசிக்குக் கொண்டுபோக மிக்சரோ மெய்நிகர் ஆடியோ கேபிளோ வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் இன்டெல் ஐ3 8100 மாதிரி ஒரு பிசி இருந்தால், இன்டெல் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் என்கோடரான க்விக் சிங்க்கை நம்பி முயற்சி பண்ணலாம். கேம் பிசியின் படத்தை அடுத்த பிசிக்குள் வாங்கும் கேப்சர் கார்டு வாங்காமல், கிகாபிட் லேன் வழியாக, நெட்வொர்க்கில் வீடியோ அனுப்பும் முறையான என்டிஐயில் அனுப்பிப் பாருங்கள். கேப்சர் கார்டுதான் வேண்டும் என்றால், யுஎஸ்பி 2.0-வில் வரும் மலிவுப் பெட்டிகளின் அட்டையில் 1080பி என்று போட்டிருப்பதோடு நிறுத்தாமல், அது 60 ஃப்ரேமா 30 ஃப்ரேமா என்றும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.