முதல் நிரலாக்கப் பாடம்: ஸோர்ஸா, சியா, பைத்தானா?

சிங்கப்பூரில் கணினித்துறைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும், பட்டம் பெற்றோரின் தொடக்கச் சம்பளத்தையும் நுணுக்கமாக ஒப்பிடுகின்றன. முதல் பருவத்தில் மாணவர் எதிர்கொள்ளப்போகும் நிரலாக்கப் பாடத்தை அந்த அளவுக்கு யாரும் ஒப்பிடுவதில்லை. பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தப் பாடமும் அதைக் கற்பிக்கும் மொழியும் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. ஆகஸ்ட் மாதம் வகுப்பு தொடங்கிய பிறகு யோசிப்பதில் அதிகப் பயன் இல்லை.

தெரிவுகளை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் மாணவர்களுக்கு சிஎஸ்1101எஸ் என்ற பாடம் உண்டு. அதன் மொழி ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வடித்தெடுத்த ‘ஸோர்ஸ்’. கணினிப் பொறியியல் உள்ளிட்ட சில படிப்புகளுக்கு உரிய சிஎஸ்1010 பாடம் சி மொழியில் நடக்கிறது. அதே எண்ணுக்குப் பின்னால் வேறு எழுத்துகளைத் தாங்கிவரும் பாடங்களில், பொறியியல் மாணவர்களுக்கான சிஎஸ்1010இ, அறிவியல் மாணவர்களுக்கான சிஎஸ்1010எஸ் ஆகியவை பைத்தானைப் பயன்படுத்துகின்றன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் தொடக்க மொழி பைத்தான்தான். ஆக, போட்டி ஸோர்ஸ், சி, பைத்தான் என்ற மூன்றுக்கும் இடையே.

இந்த மூன்றில் எது வேலைக்கு உதவும் என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு முதல் பருவத்தில் பொருள் குறைவு. தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிர்வாகப் பல்கலைக்கழகத்திலும் கணினி அறிவியல் மாணவர் அடுத்த கட்டத்திலேயே ஜாவாவுக்குப் போய்விடுகிறார்; நன்யாங்கில் பைத்தானைத் தொடர்ந்து சி மொழி வருகிறது. நான்காண்டு முடிவதற்குள் ஒவ்வொருவரும் மூன்று நான்கு மொழிகளைத் தொட்டுவிடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது வேறு: கணினிக்குள் நடப்பவற்றில் எதை அந்தப் பாடம் மாணவரின் கண்ணிலிருந்து மறைக்கிறது, எதை அவரே கையால் செய்து பார்க்கும்படி விடுகிறது?

ஒரே கணக்கை மூன்று மொழிகளிலும் கொடுத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். 1 முதல் ஓர் எண் வரையுள்ள எண்களையெல்லாம் பெருக்கிச் சொல்ல வேண்டும். 12 வரை பெருக்கினால் 479001600. மூன்று மொழிகளும் சரியாகச் சொல்லும். 13 வரை பெருக்கினால் விடை 6227020800. சி மொழியின் வழக்கமான முழு எண் 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) கொண்டது; அதில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 2147483647. ஆகவே அது எந்தப் புகாரும் சொல்லாமல், பெரும்பாலான கணினிகளில் 1932053504 என்ற தவறான விடையை நம்பும்படியான தோற்றத்தோடு கொடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்டின் எண்கள் 64 பிட் மிதவைப்புள்ளி எண்கள் (மிகப் பெரிய எண்ணின் முன்னிலக்கங்களையும் அளவையும் மட்டும் வைத்துக்கொள்பவை) என்பதால் ஸோர்ஸ் 22 வரை துல்லியமாகப் பெருக்கும். 23இல் கடைசி இலக்கங்களை இழந்து தோராயமாகிவிடும். பைத்தானோ 100 வரை கேட்டாலும் ஓர் இலக்கம் தவறாமல் சொல்லும். பைத்தான் மேலானது என்று இதிலிருந்து உடனே முடிவு கட்டலாம். எண்ணுக்கு நினைவகத்தில் இடம் தேவை என்பதையே அந்த மாணவர் அறியாமல் ஒரு பருவத்தைக் கடந்துவிடக்கூடும் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

ஸோர்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெற்றோருக்கு அதிகச் சந்தேகம் எழுவது இதில்தான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நிரலாக்க அறிமுகத்துக்காக எழுதப்பட்டு 1985இல் வெளிவந்த, ஏபெல்சன், சஸ்மன் ஆகியோரின் புகழ்பெற்ற பாடநூல் ஸ்கீம் மொழியில் அமைந்தது. எம்ஐடியே பின்னாளில் அந்தப் பாடத்தைக் கைவிட்டுப் பைத்தானுக்கு மாறியது. சிங்கப்பூரில் அந்தப் பாடத்திட்டம் சிஎஸ்1101எஸ் பாடமாகத் தொடர்ந்தது. 2012இல் ஸ்கீமுக்குப் பதிலாக ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. நூலின் ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பு இந்தப் பாடத்தை நடத்திய மார்ட்டின் ஹென்ஸின் பங்களிப்போடு 2022இல் வெளியானது. பிறந்த இடத்தில் கைவிடப்பட்ட ஒரு பாடத்திட்டம் தேசியப் பல்கலைக்கழக வளாகமான கென்ட் ரிட்ஜில் வாழ்கிறது என்பதைப் பழைமைப் பிடிப்பு என்று பழிப்போர் உண்டு. அதை நான் பிடிவாதமாகவே பார்க்கிறேன், ஆனால் நல்ல வகைப் பிடிவாதமாக.

காரணம், ஸோர்ஸ் நான்கு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும் முறை. முதல் படிநிலையில் சுழற்சிக் கட்டளைகள் கிடையாது. ஒரு பெயருக்கு ஒரு முறை மதிப்பைக் கொடுத்துவிட்டால் அதை மாற்றவும் முடியாது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய எதையும், தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறாகத்தான் (பெயரிட்டு வேண்டும்போது அழைக்கும் நிரல் துண்டு) எழுத வேண்டும். சிறு சித்திரங்களை அடுக்கியும் சுழற்றியும் பெரிய கோலங்களை உருவாக்கும் பயிற்சிகளின் வழியே, ஒரு செயற்கூறை இன்னொரு செயற்கூறுக்கு உள்ளீடாகக் கொடுப்பது எப்படி என்பது முதல் சில வாரங்களிலேயே பழகிவிடுகிறது. இரண்டாம் படிநிலையில் இரண்டு மதிப்புகளைச் சேர்த்துவைக்கும் இணைகளும் பட்டியல்களும் வருகின்றன. மதிப்பை மாற்றுவதும் சுழற்சியும் மூன்றாம் படிநிலையில்தான் திறக்கப்படுகின்றன. நான்காம் படிநிலையில் மாணவர்கள் ஸோர்ஸ் நிரல்களை இயக்கும் ஒரு நிரலை ஸோர்ஸிலேயே எழுதப்பட்ட வடிவில் பிரித்துப் படிக்கிறார்கள். ஒரு மொழி எப்படி வேலை செய்கிறது என்பதை முதல் பருவ முடிவுக்குள் இவ்வளவு தெளிவாகத் திறந்துகாட்டும் தொடக்கப் பாடம் இங்கு வேறு இல்லை.

இந்த அமைப்பால் இன்னொரு விளைவும் உண்டு. தொடக்கக் கல்லூரியில் எச்2 கணினியியல் படித்துப் பைத்தானில் தேர்ந்த மாணவரும், ஒரு வரி நிரல்கூட எழுதாத மாணவரும் முதல் வாரங்களில் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கிறார்கள். ஏற்கெனவே பழகிய சுழற்சிக் கட்டளை கைவசம் இல்லாததால், தெரிந்தவர் சிறிது தடுமாறுகிறார். தெரியாதவருக்கு மறக்க வேண்டியது ஒன்றும் இல்லை. தேசிய சேவைக்காக இரண்டு ஆண்டுகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வரும் இளைஞர்களுக்கு இது சிறிய ஆறுதல் இல்லை. ஆனால் இதன் வேகம் கடுமையானது. வாரந்தோறும் வரும் பணிகளில் ஒன்றில் பின்தங்கினால் அடுத்ததன் அடித்தளமே ஆட்டம் காணும். எட்டுப் பேர் அளவிலான சிறு குழுக்களை, முந்தைய ஆண்டுகளில் இதே பாடத்தைப் படித்த மாணவர்கள் வழிநடத்தும் ஏற்பாடு அந்த வேகத்தை ஓரளவு தாங்கிப் பிடிக்கிறது. கேள்வி கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு அந்த ஏற்பாட்டின் பயன் பாதியாகக் குறையும்.

சி மொழிப் பாடம் நேர் எதிர்த் திசையிலிருந்து தொடங்குகிறது. இங்கே நினைவகம்தான் கதாநாயகன். இரண்டு மாறிகளின் மதிப்பை ஒரு செயற்கூறின் உதவியால் இடம் மாற்ற வேண்டுமானால் அவற்றின் முகவரிகளை அனுப்ப வேண்டும். ஒரு சொல்லைச் சேமித்தால் அதன் இறுதியைக் குறிக்கும் பூச்சியத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டும். கேட்டு வாங்கிய நினைவகத்தை வேலை முடிந்ததும் மாணவரே திருப்பிக் கொடுக்க வேண்டும். மதிப்புகளை வரிசையாக வைக்க ஐந்து இடம் கொண்ட அணியின் ஆறாவது இடத்தைத் தொட்டால் நிரல் சில நேரம் செத்துவிழும்; சில நேரம் ஒன்றும் நடவாததுபோல் ஓடி, வேறோர் இடத்தில் தவறான விடையைத் தரும். பைத்தான் இதே தவறை அந்த வரியிலேயே நிறுத்திச் சுட்டிக்காட்டிவிடும். சி மாணவரின் மாலை நேரங்கள் கணிசமாக இத்தகைய பிழைகளைத் துரத்துவதில் கழியும் என்பதை மறைத்துப் பயனில்லை.

அந்த நேரம் வீணா என்றால், பட்டப்படிப்பைப் பொறுத்தது. பின்னாளில் நுண்கட்டுப்படுத்தி (சாதனங்களுக்குள் இருக்கும் சிறு கணினிச் சில்லு), இயக்க முறைமை, வலைக் கருவி ஆகியவற்றோடு பழகப்போகிறவருக்கு இது முதலீடு. தரவுப் பகுப்பாய்வுக்குப் போகிறவருக்கு இதே மணிநேரங்கள் புள்ளியியலில் செலவாகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் இயக்க முறைமை எழுதுவதற்காகப் பிறந்த மொழி அது. தொடக்க மாணவரின் வசதி அதை வடிவமைத்தவர்களின் கவலையாக இருக்கவில்லை.

பைத்தான் பாடங்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்வது கடினம். மொழி ஒன்றானாலும் பாடங்கள் ஒன்றில்லை. ஒரே பைத்தானைக் கொண்டு செயற்கூறுகளைக் கையாளும் நுட்பத்தை ஆழமாகச் சொல்லித்தரும் பாடமும் உண்டு. கோப்பைத் திறந்து வரைபடம் போடுவதோடு நிறுத்திக்கொள்ளும் பாடமும் உண்டு. மொழியின் எளிமையில் ஓர் ஏமாற்றும் இருக்கிறது. ஒரு பட்டியலுக்கு இரண்டாவது பெயரைச் சூட்டி, அந்தப் பெயரின் வழியே ஓர் உறுப்பைச் சேர்த்தால் முதல் பெயரிலும் அது சேர்ந்துவிடும். இரண்டு பெயர்களும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன என்பதைச் சி மாணவர் பாயிண்டராக, அதாவது நினைவக முகவரியாகப் பார்த்துவிட்டார். ஸோர்ஸ் மாணவர் பெட்டியும் அம்புமாகத் தாளில் வரைந்துவிட்டார். பைத்தான் மாணவர் தேர்வுக் கூடத்தில் விடை தவறும்போதுதான் இதைச் சந்திக்கிறார், ஆசிரியர் முன்கூட்டியே வலிந்து காட்டாவிட்டால். தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறுகளையும் இயல்பான நிலையில் சுமார் 1000 அழைப்புகளோடு பைத்தான் நிறுத்திவிடும். ஆகையால் அந்த வழியில் சிந்திக்க மொழியே மாணவரை ஊக்குவிப்பதில்லை.

இருந்தாலும், கணினியைத் தம் துறைக்குக் கருவியாக மட்டும் பயன்படுத்தப்போகும் உயிரியல், வணிக, பொறியியல் மாணவருக்குப் பைத்தானே சரியான தெரிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாவது வாரத்திலேயே பயனுள்ள ஒன்றைச் செய்து முடிக்கும் ஊக்கம் அவருக்குத் தேவை. நினைவக முகவரி தேவையில்லை. கணினி அறிவியலே படிப்பு என்றால் ஸோர்ஸ் வழி முதலிடம் பெறும். வன்பொருளுக்கு அருகில் போக விரும்புகிறவருக்குச் சி. கணினி அறிவியலைப் பைத்தானில் தொடங்கும் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தவர் எதையும் இழந்துவிடவில்லை. ஆனால் நினைவகம் பற்றிய பாடம் அவருக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அது வரும் பருவத்தில் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருவோருக்கு இந்தக் கணக்கு வேறு. பட்டயப் படிப்பிலேயே ஜாவாவோ பைத்தானோ எழுதிப் பழகிய அவர்களுக்குச் சில பாடங்களிலிருந்து விலக்குக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. விலக்கை ஏற்றால் பருவத்தில் ஓரிடம் காலியாகும். ஆனால் விலக்குப் பெறும் பாடத்தின் வாராந்தரத் தலைப்புகளை எடுத்து, நினைவக மாதிரி, தன்னழைப்பு, செயற்கூறை உள்ளீடாகக் கொடுத்தல் ஆகியவற்றில் ஒன்றாவது தமக்குப் புதிதாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். பாடத்தின் மொழியும் எண்ணும் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை என்பதால், சேரும் ஆண்டுக்கு உரிய பாடப் பக்கத்தையே பார்க்க வேண்டும். மூத்த மாணவர் கொடுக்கும் பழைய குறிப்புகளை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அந்தப் பக்கத்தில் மதிப்பெண் பங்கீட்டையும் கவனிக்கலாம்: ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதும் செய்முறைத் தேர்வுக்கு எவ்வளவு, வீட்டுப் பணிக்கு எவ்வளவு என்பது, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வீட்டுப் பணியை நொடியில் முடித்துத் தரும் இந்தக் காலத்தில், மாணவர் தாமாக எவ்வளவு எழுதப்போகிறார் என்பதை மொழியின் பெயரைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும்.