குழிக்கு எத்தனை வாட்? 5 எச்பி சோலார் பம்பு, சில பட்டங்கள் ஓடிய பிறகு

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலில் 5 எச்பி சோலார் நீர்மூழ்கி பம்பு போட்டு, குறுவையும் தாளடியுமாகச் சில பட்டங்கள் ஓடிவிட்டன. நன்றாகவே இறைக்கிறது. ஆனால் ஆயில் என்ஜினோடு பழகியவர்களுக்கு இதன் குணம் பிடிபட நாளாகும். திறன் அடர்த்தி, அதாவது இவ்வளவு இடத்துக்கு எத்தனை வாட் என்ற கணக்கு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நம்மூர் அளவிலேயே பார்க்கலாம். ஒரு குழி 144 சதுர அடி, சுமார் 13.4 சதுர மீட்டர். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் விழுகிறது. நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கரண்டாக்கும். ஆக, குழிக்கு 2.7 கிலோவாட். எங்கள் 4.8 கிலோவாட் பேனலுக்கு ஏறக்குறைய இரண்டு குழி போயிற்று. அதே 5 எச்பி ஆயில் என்ஜின் ஒரு தள்ளுவண்டியில் அடங்கிவிடும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. வீணாவது போக 3 யூனிட்டாவது தண்டுக்கு வரும். இந்த விஷயத்தில் வெயில் டீசலுக்குப் பக்கத்தில்கூட வராது.

"ரெண்டு குழி நெல்லு போச்சே" என்று அப்பாவுக்குக் குறை. சரி, அதையும் போட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 40 கண்டால் குழிக்கு 8 கிலோ நெல். அதில் உள்ள ஆற்றலை யூனிட்டாக்கினால் 33 வரும். பயிர் 110 நாள் நின்று சேர்ப்பதை, அதே குழியில் பேனல் நல்ல வெயிலில் மூன்று நாலு நாளில் கொடுத்துவிடும். யூனிட்டை வடித்துச் சாப்பிட முடியுமா என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புதிதாகப் போட்டவர்கள் முதலில் பதறுவது காலை நேரத்தில்தான். எட்டு மணிக்குக் குழாயைத் தொட்டால் அதிர்வு இருக்கும், தண்ணீர் வராது. கொஞ்ச நேரத்தில் காற்றைத் துப்பும். களக் களக்கென்று ஒரு கை தண்ணீர் விழும், நின்றுபோகும். மோட்டார் போச்சு என்று உடனே போனைப் போட வேண்டாம். பம்பு தூக்கும் உயரம் வேகத்தின் வர்க்கப்படி (வேகம் × வேகம்) கூடும். அதற்கு வேண்டிய திறனோ கனப்படி (வேகம் × வேகம் × வேகம்) கூடும். காலை இளவெயிலில் திறன் பாதியாக இருக்கும்போது வேகம் 79 சதவீதம்தான், தூக்கும் உயரம் 63 சதவீதம்தான். நீர்மட்டம் அதற்கும் கீழே இருந்தால் பம்பு சும்மா சுற்றும், தண்ணீர் மேலே ஏறாது. எங்களுக்கு ஒன்பதரைக்கு மேல் குழாய் நிறைய வருகிறது, மூன்றரை வரை தாங்கும். கோடையில் மட்டம் இறங்க இறங்க இந்த நேரமும் சுருங்கும்.

சித்திரை வெயிலில் அள்ளிக் கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பேனலின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். கண்ணாடி 65 டிகிரிக்குப் போனால் ஆறில் ஒரு பங்கு காலி. மழை விட்ட மறுநாள் இளங்காற்றோடு அடிக்கும் வெயில்தான் இதற்குத் தோது.

மோட்டாரைப் பற்றிக் குறை இல்லை. 5 எச்பி அவ்வளவு ஒல்லியான உருளைக்குள் அடங்குவது சுற்றிலும் தண்ணீர் சூட்டை இழுத்துக்கொள்வதால்தான். தொல்லை கொடுத்தது கண்ட்ரோலர், அதாவது பேனல் கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. தகரக் கொட்டகைக்குள் மாட்டிவிட்டுப் போனார்கள். நடுப்பகலில் சூடேறி அணைந்துவிடும். போட்டுக்கொடுத்தவர்களைக் கூப்பிட்டால் "பேனல்ல தூசி சார்" என்ற ஒரே பதில். திறந்து பார்த்தால் சூடு தணிக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பதரும் பல்லி முட்டையும். சுத்தம் செய்து, மேலே கீற்று வேய்ந்த பிறகு அணைவதில்லை. தூசியும் பொய்யில்லைதான். அறுவடை மெஷின் போன மறுநாள் பனியில் ஊறிப் பசைபோல் ஒட்டியிருக்கும். வெயில் ஏறுமுன் துடைத்துவிட வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் இதை நம்ப முடியாது. வயலில் தேங்கியதை ராவோடு ராவாக வடிகாலுக்கு இறைக்க ஆயில் என்ஜின்தான். பேட்டரி வைக்கலாமே என்பார்கள். 5 எச்பியை ஐந்து மணி நேரம் ஓட்டச் சுமார் 19 யூனிட் வேண்டும். கிலோவுக்கு 35 வாட்-மணி தாங்கும் ஈய பேட்டரியில் அது அரை டன்னுக்கு மேல். டீசல் என்றால் ஆறேழு லிட்டர் கேனோடு முடிந்தது. அதனால் என்ஜினை நாங்கள் விற்கவில்லை.

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேருமுன் நாற்றங்கால் விட நினைப்பவர்கள், நீர்மட்டம் மேலே உள்ளவர்கள் தாராளமாகப் போடலாம். பேனலை மட்டும் வயலின் வடக்கு வரப்போரம், அதற்கு வடக்கே பாதையோ வாய்க்காலோ இருக்கும்படி போடச் சொல்லுங்கள். சம்பா, தாளடி நிற்கும் மாதங்களில் நிழல் வடக்கேதான் விழும். பக்கத்து வயல்காரரோடு வம்பு மிச்சம்.