பெரிய ஜாதி நாய்க்குட்டியை ‘ட்ரெய்னிங் கேம்ப்’ அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வட சென்னையில் பெரிய ஜாதி நாய்க்குட்டி வாங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், எதுவாக இருந்தாலும் சரி. “குட்டியை ஒரு மாசம் எங்ககிட்ட விடுங்க, எல்லாம் பழக்கித் தர்றோம்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து விடாதீர்கள்.

நாங்கள் இருப்பது கொடுங்கையூர். வீட்டில் நான், கணவர், பள்ளிக்குப் போகும் பையன், எழுபதைத் தாண்டிய என் அத்தை. குட்டி கறுப்பு லேப்ரடார், பெட்டை. பெயர் மிளகு. நெஞ்சில் மட்டும் சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். இரண்டு மாதம் நிரம்பிய பிறகுதான் வாங்கி வந்தோம். ஆரம்பத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் நடந்தது. ராத்திரி அழுகை, மொசைக் தரையெங்கும் மூத்திரம், பையனின் கால்சட்டையைப் பிடித்து இழுப்பது, அத்தையின் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு தொங்குவது. அத்தைக்குப் பயம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் நாய்த் தீனி வாங்கும் கடையில் ஒரு ட்ரெய்னரின் நம்பர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர் குட்டியைப் பார்த்ததைவிட அத்தையைத்தான் அதிகம் பார்த்தார். “அக்கா, இது லேப். ஆறு மாசத்துல இருபது கிலோ வந்துடும். ஒரு இழுப்பு இழுத்தா பாட்டி கீழ விழுந்துடுவாங்க. இடுப்பெலும்பு போயிடும். இப்பவே கேம்ப்ல விட்டுடுங்க.” வயதானவர் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு எப்படி இறங்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வெளியே போய் மூத்திரம் போவது, கடிக்காமல் இருப்பது, உட்கார், நில், வா எல்லாம் ஒரே மாதத்தில் என்றார். 18,000 ரூபாய், முழுவதும் முன்பணம், ஜிபேயில். ரசீது கேட்டதற்கு “ஜிபே மெசேஜே ரசீதுதான் அக்கா” என்றார். “ஊசி இன்னும் பாக்கி இருக்கே தம்பி” என்று கேட்டேன். “அதெல்லாம் நம்ம டாக்டர் போட்டுடுவார்.” எந்த டாக்டர் என்பதற்குப் பதில் வரவில்லை. கடைசியாக ஒரு நிபந்தனை: ஒரு மாதம் யாரும் வந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் பயிற்சி கெட்டுவிடும்.

இந்த நிபந்தனையை நன்றாகக் கவனியுங்கள். மற்ற எல்லாமும் இதன் மேல்தான் நிற்கிறது.

பணத்தைக் கட்டி மிளகை அனுப்பிவிட்டோம். முதலில் வாட்ஸாப்பில் வீடியோ வந்தது. கறுப்புக் குட்டி ஒன்று ‘உட்கார்’ என்றதும் உட்காருகிறது. வீடே சந்தோஷப்பட்டது. இன்னொரு வீடியோ வந்தபோது என் பையன்தான் சொன்னான்: “அம்மா, இது மிளகு இல்ல. நெஞ்சுல வெள்ளையே காணோம்.” போன் செய்தால் வெளிச்சம் சரியில்லை என்றார். அதற்குள் கால்சியம் ஊசிக்கு, டானிக்குக்கு என்று தனியாகப் பணம் கேட்டார். பெரிய ஜாதிக் குட்டிக்குக் கால்சியம் போடாவிட்டால் கால் வளைந்துவிடும் என்று ஒரு பயமுறுத்தல் வேறு.

என் கணவர் வேலை விஷயமாகச் செங்குன்றம் பக்கம் போனவர், சொல்லாமலே அங்கிருந்த அந்தக் கேம்ப்புக்குப் போய்விட்டார். தகரக் கொட்டகை. நாய்கள் வரிசையாகக் குட்டைச் சங்கிலியில் கட்டிக் கிடந்தன. மிளகின் கழுத்தில், இழுத்தால் இறுகும் இரும்புச் செயின். கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி. முன்னங்கால் ஒன்றைத் தாங்கித் தாங்கி வைத்தாள். அவரைப் பார்த்ததும் ஓடி வரவில்லை, படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பணத்தைக் கேட்டதற்கு வந்த பதில்: “பாதியில எடுத்துட்டுப் போனது நீங்க. கேம்ப் ரூல்ஸ்படி ரீஃபண்ட் கிடையாது.” அப்படி ஒரு ரூல்ஸை எங்களிடம் யாரும் காட்டவே இல்லை.

நேராக வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். காய்ச்சல் இருந்தது, ஈறு வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல், எர்லிக்கியா என்று தெரிந்தது. ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள், இடையில் நிறுத்தவே கூடாது என்றார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆனால் டாக்டர் விளக்கியது முக்கியமானது. பெரிய ஜாதி நாய்களுக்கு எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சிப் பகுதி கெட்டிப்பட ஒரு வயதுக்கு மேல், சிலவற்றுக்கு ஒன்றரை வயது வரைகூட ஆகும். அதுவரை அது மிருதுவாகத்தான் இருக்கும். அந்த வயதில் குதிக்க விடுவது, தாரோட்டில் இழுத்து ஓடவிடுவது, செயினால் சுண்டுவது எல்லாம் அந்த இடத்தில்தான் போய் விழும்.

கால்சியம் விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. வளரும் குட்டியின் குடல், உடம்புக்கு இவ்வளவு போதும் என்று கால்சியத்தைத் தடுத்து நிறுத்தாது. கொடுப்பதில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ளும். பெரிய ஜாதிக் குட்டிக்கான நல்ல தீனி சாப்பிடும்போது மேலே கால்சியம் கொடுத்தால் எலும்பும் மூட்டும்தான் கெடும் என்றார். ட்ரெய்னரோ கடைக்காரரோ சொன்னார் என்று எந்த டானிக்கும் வாங்காதீர்கள்.

ஊசியும் போடப்படவில்லை. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிரைப் பறிக்கும் வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டியது. அந்த ஊசி முடியாத குட்டியைப் பத்துப் பதினைந்து நாய்கள் வந்து போகும் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மிளகு அதில் சிக்காமல் வந்தது எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

என்னால் இன்றும் தாங்க முடியாதது வேறொன்று. குட்டி மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்கு வாரத்துக்குள் பார்க்கிற மனிதர்களும் கேட்கிற சத்தங்களும்தான் அதற்கு ‘பயமில்லை’ என்று மனதில் பதியும். எங்கள் பகுதியில் என்னென்ன சத்தம் இல்லை? கன்டெய்னர் லாரி, குக்கர் விசில், தெருவில் போகும் சாவு மேளம், அதோடு வெடி. இதையெல்லாம் எங்கள் மடியில் இருந்துகொண்டு கேட்டிருக்க வேண்டிய வயதில் அவள் தகரக் கொட்டகையில் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த மாதத்தை எந்தப் பணத்தாலும் திருப்பித் தர முடியாது.

திரும்பி வந்தவள் துடைப்பத்தை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். கேட்டில் சங்கிலிச் சத்தம் கேட்டால் நடுக்கம். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். ராத்திரி அவள் படுக்கையை எங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டோம், அழுகை தானாகவே குறைந்தது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போவோம். அங்கே மூத்திரம் போனால் உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. மூன்று மாதக் குட்டியால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. அதை அடித்துப் பழக்குவதாகச் சொல்பவர் பயத்தைத்தான் பழக்குகிறார். மொசைக் தரையில் கால் வழுக்காமல் இருக்க ரப்பர் பாய் போட்டோம், மாடிப்படிக்குத் தடுப்பு வைத்தோம். கடிப்பதற்கு, ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தோம். பல் முளைக்கும் வயதில் கடிக்கத்தான் செய்யும், பால்பல் விழுந்து முடிய ஆறேழு மாதம் ஆகும். கையில் பல் பட்டால் விளையாட்டை அந்த நொடியே நிறுத்திவிடுவோம்.

அத்தைதான் எல்லோரையும்விட அதிகம் செய்தார். தினமும் நாற்காலியில் உட்கார்ந்தபடி, நான்கு காலும் தரையில் இருந்தால் மட்டும் கையிலிருந்து ஒவ்வொரு உருண்டையாகத் தீனி கொடுத்தார். மேலே தாவினால் கையை மூடிக்கொள்வார். இன்று மிளகு அத்தை மேல் தாவுவதே இல்லை. அந்த ஆள் எதைச் சொல்லிப் பணம் வாங்கினாரோ, அதை ஒரு கிண்ணம் தீனியை வைத்துக்கொண்டு அத்தை சாதித்துவிட்டார்.

நல்ல ட்ரெய்னர்கள் இல்லாமல் இல்லை. இப்போது ஒருவர் பெரம்பூரிலிருந்து வருகிறார். எங்கள் வீட்டில், எங்கள் கண் முன்னால், குட்டிக்குச் சொல்வதைவிட எங்களுக்குத்தான் அதிகம் சொல்லித் தருகிறார். காசும் வந்து போன அன்றன்றைக்குத்தான். நாய் ட்ரெய்னர் என்று போர்டு மாட்ட இங்கே யாரும் எந்தப் பரீட்சையும் எழுத வேண்டியதில்லை, அதனால் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன கழுத்துப்பட்டை போடுவீர்கள்? தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்? நினைத்த நேரத்தில் வந்து பார்க்கலாமா? எந்தக் கால்நடை மருத்துவர், அவருடைய பதிவு எண் என்ன? இதில் ஒன்றுக்கு மழுப்பினாலும் குட்டியைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: ஜிபே விவரம், வாட்ஸாப் பேச்சு, வீடியோக்கள், காயத்தின் போட்டோ, தேதியோடு மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அடிப்பதும், அசைய முடியாத குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம், போலீஸில் புகார் கொடுக்கலாம். பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்தோம். சரிவராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும்.