கோடாக்குரோம்: சுவரும் போஸ்டரும் தான் இருக்கும், தெரிஞ்சு வாங்குங்க

இத்தாலி போட்டோகிராபர் லூயிஜி கிர்ரியோட கோடாக்குரோம் போட்டோ புக், 2012ல லண்டன் மேக் பதிப்பகம் போட்ட மறுபதிப்பு பத்தி தான் சொல்றேன். இத்தாலின்னா வெனிஸ் படகு, கொலோசியம்னு ஆசையா வாங்கறவங்க இந்தப் பக்கம் வராதீங்க. இதுல கிழிஞ்ச போஸ்டர், விளம்பர போர்டு, வெறும் சுவரு, கண்ணாடி, கொஞ்சம் மேகம், அவ்ளோதான். ஆனா பத்து பக்கம் தாண்டினப்புறம் எது நிஜ வானம் எது சுவத்துல ஒட்டின வானம்னு குழம்ப ஆரம்பிச்சுடுவோம் பாருங்க, அங்கதான் மனுஷன் நம்மள புடிச்சு வெச்சுக்கறார்.

கிர்ரி 1943ல ரெஜ்ஜோ எமிலியா பக்கம் ஸ்கான்டியானோல பொறந்தவர், நிலம் அளக்கற சர்வேயர் வேலை பாத்துட்டு 1970 வாக்குல தான் கேமராவ சீரியஸா எடுத்தார், மொடேனா ஊர்ல இருந்த கான்செப்சுவல் ஆர்டிஸ்டுங்க (அழகை விட யோசனை தான் முக்கியம்னு வேலை பண்றவங்க) தான் அப்போ கூட்டாளிங்க. அளவுக்காரர் புத்தி படத்துலயும் இருக்கு, எதையும் நேருக்கு நேரா நின்னு எடுத்திருப்பார், ஆங்கிள் வித்தையே கிடையாது. அப்பல்லாம் ஆர்ட் போட்டோன்னா கருப்பு வெள்ளை, கலர்னா விளம்பரத்துக்கும் டூர் போட்டோவுக்கும்னு ஒரு எண்ணம், இவர் கலர்லயே எடுத்து சாதாரண லேபுல குடுத்து பிரிண்ட் போட்டார். கலரும் கண்ணைக் குத்தாது, வெயில்ல காயப்போட்டு வெளிறின துணி மாதிரி ஒரு சாயல், எனக்கு அதுதான் ரொம்ப புடிச்சுது.

இதோட முதல் பதிப்பு 1978ல வந்தது, கிர்ரியும் அவர் மனைவி பாவ்லா போர்கோன்சோனியும் போட்டோகிராபர் ஜொவான்னி கியாரமொந்தேவும் சேர்ந்து நடத்தின புந்தோ எ வீர்கோலாங்கற சொந்த பதிப்பகத்துல. வேற யாரோ எடிட்டர் கை வெச்ச புக் இல்லைங்கறது அடுக்கின விதத்துலயே தெரியுது, பக்கத்து பக்கத்து படம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கிண்டல் பண்ற மாதிரி வெச்சிருக்கார். கடைசில தரைல கசங்கி கிடக்கற பேப்பர், அதுல படங்களால யோசிக்கறது எப்படின்னு ஒரு தலைப்பு வரி, அந்தப் படத்துலயே நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

குறைன்னா, படங்க சின்னதா சுத்தி வெள்ளையா நிறைய இடம் விட்டு இருக்கு, காசு குடுத்து வாங்கறவங்களுக்கு முதல்ல கொஞ்சம் கடுப்பாகும். கேப்ஷன்ல ஊரும் வருஷமும் மட்டும் தான். பிரான்செஸ்கோ ஸானோத் எழுதின கட்டுரை தனி புக்லெட்டா வருது, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா அது உள்ள இருக்கான்னு கேட்டுக்கங்க.

அப்புறம் ஒண்ணு, இது அவரோட ஆரம்ப கால வேலை மட்டும் தான். 1984ல இருபது போட்டோகிராபர்ங்கள சேத்து பண்ணின வியாஜ்ஜோ இன் இத்தாலியா (இத்தாலிப் பயணம்)ங்கற ப்ராஜெக்ட், 1992ல 49 வயசுல சாகறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஓவியர் மொராண்டியோட ஸ்டுடியோல எடுத்த படங்க, இதெல்லாம் வேணும்னா வேற புக்கு தான் தேடணும்.