வார்சாவா, ராட்டர்டாமா: போரில் அழிந்த நகரை எப்படிக் கட்டுவது?

1953 ஜூலையில் போலந்துத் தலைநகர் வார்சாவில் பழைய நகரின் சந்தைச் சதுக்கம் மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் லைன்பான் கடைவீதி திறந்தது. முதலாவது போருக்கு முந்தைய ஊரின் மறுபதிப்பு. இரண்டாவதில் பழைய ஊரின் சாயல்கூடக் கிடையாது. 'பழசையே கட்டுவதா, புதுசு போடுவதா' என்ற வாதம் வந்தால் இந்த இரண்டையும்தான் எதிரெதிரே நிறுத்துவார்கள். ஆனால் முகப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது என் கட்சி.

வார்சாவை 'நகல்' என்பது பாதிதான் சரி. 1944-இல் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போலந்துக்காரர்கள் நடத்திய எழுச்சியை ஒடுக்கிய பிறகு ஜெர்மானியர்கள் மிச்சமிருந்த கட்டடங்களையும் திட்டமிட்டுத் தகர்த்தார்கள். கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன் எடுத்து, ஒரு மடத்தில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த அளவு வரைபடங்கள் மீட்புக்குக் கைகொடுத்தன. பெல்லோட்டோ என்ற ஓவியர் 18-ஆம் நூற்றாண்டில் வரைந்த வார்சா ஓவியங்களும் உதவின. ஆனால் 1939-இல் இருந்த ஊர் அப்படியே திரும்பவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சேர்ந்தவற்றில் பலவற்றை விட்டுவிட்டார்கள். வீடுகளின் பின்கட்டுகள் நீக்கப்பட்டு முற்றங்களுக்கு வெளிச்சம் வந்தது. உள்ளே நவீன அடுக்குமாடி வீடுகள். பக்கத்திலேயே 1949-இல் திறந்த சாலைச் சுரங்கம், அதற்கு இறங்க எஸ்கலேட்டர்! பழமை என்று சொல்லிக்கொண்டு செய்த துணிச்சலான நவீன வேலை இது. 1980-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் மறுகட்டுமானம் என்ற முறையில்தான்.

உறுத்துவது முரானோவ். யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ இருந்த பகுதி அது. அங்கே எதையும் மீட்கவில்லை. இடிபாட்டின் மேலேயே, இடிபாட்டை அரைத்துச் செய்த கான்கிரீட் கல்லால் குடியிருப்பு எழுப்பினார்கள். இன்றும் சில வீடுகளுக்குப் படியேறித்தான் போகவேண்டும். காலுக்குக் கீழே பழைய தெருவின் இடிபாடு கிடக்கிறது. எது 'வரலாறு' என்று தேர்ந்தெடுத்தவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ராட்டர்டாம் கதை நேரடியானது. 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்களின் கால்மணி நேரக் குண்டுவீச்சு, தொடர்ந்து தீ. சுமார் 80,000 பேர் வீடிழந்தார்கள். இடிபாட்டைக் கொட்டிக் கால்வாய்களைத் தூர்த்தார்கள். நகரத் திட்டமிடுபவர் வான் ட்ராவின் 1946 திட்டம் மனை எல்லைகளை அழித்து அகலத் தெருக்களை வரைந்தது. லைன்பான் அதன் நல்ல பக்கம்: வண்டியில்லாத வீதி, இருபுறமும் தாழ்ந்த கடைகள், மழை படாமல் நடக்க மேற்கூரை, சரக்கு இறக்கப் பின்னால் தனிச்சாலை. ஐரோப்பாவில் பலர் வந்து பார்த்துப் போனார்கள்.

சரி, குறை? மையத்தில் வீடுகள் குறைவு. கடையும் அலுவலகமும் மூடினால் ஊர் வெறிச்சோடும். அதைச் சரிசெய்யத்தான் பிற்காலத்தில் மையத்துக்குள் குடியிருப்புகளைக் கொண்டுவந்தார்கள்: 1984-இன் கனசதுர வீடுகள், 2014-இல் வளைவுக்குள்ளேயே வீடுகள் வைத்துக் கட்டிய சந்தைக் கூடம். வார்சாவின் பழைய நகரம் முதல் நாளிலிருந்தே குடியிருப்பு. அந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு வார்சாவுக்கு.

ஆனால் நிலத்தைக் கையாண்டதில் ராட்டர்டாம்தான் மேல். இரண்டு ஊரிலும் மனைகளை அரசே எடுத்துக்கொண்டது. இல்லாவிட்டால் எந்தத் திட்டமும் நகர்ந்திருக்காது. ராட்டர்டாம் இழப்பீட்டுக்கு ஏற்பாடு செய்தது. வார்சாவில் 1945 அக்டோபர் ஆணை நிலத்தை நகராட்சிக்கு மாற்றியதோடு சரி, பெரும்பாலான உரிமையாளர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கம்யூனிச ஆட்சி போனபின் அந்த உரிமைக் கோரிக்கைகள் வழக்குகளாகக் கிளம்பின. கட்டடம் கைமாறியதில், பல ஆண்டுகளாக வாடகைக்கு இருந்தவர்கள் பலர் வீட்டைக் காலி செய்ய வேண்டிவந்தது.