கொழும்பிலிருந்து முல்லைத்தீவு: விமானமா, புகையிரதமா, இரவுப் பேருந்தா?

கொழும்பிலிருந்து முல்லைத்தீவு நகருக்கு நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 280 கிலோமீற்றர் வரும். உள்நாட்டு விமானம் புறப்படும், கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் உள்ள பலாலிக்கு அதே அளவையில் 330 கிலோமீற்றர். ஆகவே விமானத்தில் வருபவர், முல்லைத்தீவின் தூரத்தைக் காட்டிலும் கூடுதலாகப் பறந்து, ஊரைக் கடந்து வடக்கே இறங்கி, மறுபடியும் தெற்கு நோக்கித் தரைவழியாக வரவேண்டியிருக்கிறது. பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலம் என்பதை மட்டும் பார்த்துப் பயணத்தைத் தீர்மானிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பலாலியில் இறங்கிய பின் யாழ்ப்பாணம், ஆனையிறவு, பரந்தன் வரை வந்து, அங்கிருந்து புதுக்குடியிருப்பு ஊடாகச் செல்லும் ஏ35 வீதியில் 52 கிலோமீற்றர் போகவேண்டும். மொத்தம் 120 கிலோமீற்றர் அளவில் வரும் இத்தூரத்துக்கு வாடகை வாகனத்தில் இரண்டரை மணித்தியாலம் ஒதுக்குவது நல்லது. கொழும்பு நெரிசலில் இரத்மலானைக்குச் செல்லும் நேரத்தையும், விமானத்துக்கு முன்னதாகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், வாசலிலிருந்து வாசலுக்கு ஆறு மணித்தியாலம் ஆகிவிடும். முல்லைத்தீவு அடங்கிய வன்னிக்குள்ளேயே இரணைமடுவில் ஓடுபாதை இருந்தும், அது விமானப்படையின் வசமுள்ளதால் நம் கணக்கில் சேராது.

இரவுப் பேருந்து எட்டு, ஒன்பது மணித்தியாலம் எடுக்கிறது. ஆயினும் பிள்ளைகளோடும் பொதிகளோடும் வருபவர்களுக்கு நான் இதையே சொல்வேன். ஏனெனில் ஏறிய ஆசனத்திலிருந்து இடையில் இறங்கி மாறாமல் விடியும்போது ஊர் சேரலாம். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் போன்ற கிராமங்களுக்குப் போவோருக்கு முல்லைத்தீவிலிருந்து இன்னும் முப்பது கிலோமீற்றர் அளவில் பயணம் மிச்சமிருக்கும் என்பதால், காலையிலேயே வந்து சேர்வது பெரிய உதவி. மாலையில் வந்து உள்ளூர்ப் பேருந்தைத் தவறவிட்டவரின் அலைச்சல் எந்த நேர அட்டவணையிலும் தெரியாது.

முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கும் சிகிச்சை முடிந்து திரும்புவோருக்கும் புகையிரதமே ஏற்றது: எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு. முல்லைத்தீவுக்குத் தண்டவாளம் கிடையாது. வவுனியாவில் இறங்கினால் புளியங்குளம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாகவும், மாங்குளத்தில் இறங்கினால் ஏ34 வீதியில் சுமார் 50 கிலோமீற்றரும் போகவேண்டும். மாங்குளம் தூரத்தில் கிட்ட என்றாலும், அழைத்துச் செல்ல வாகனம் வராதவர்கள் வவுனியாவிலேயே இறங்குவது உசிதம்; அங்கே பேருந்துகள் அதிகம். 2023இல் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையிலான பாதை திருத்தத்துக்காக மாதக்கணக்கில் மூடப்பட்டிருந்ததை நினைவில் வைத்து, புறப்படுமுன் சேவை நடக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விமானம் தெளிவாக முந்துவது சென்னையிலிருந்து வருவோருக்குத்தான். சென்னைக்கும் பலாலிக்கும் இடையே நேர்கோட்டில் 355 கிலோமீற்றர் அளவே. 2019 நவம்பரில் தொடங்கி, 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்ட இச்சேவையில் சிறிய ஏடிஆர் விமானம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடுகிறது. அதே பயணி கொழும்புக்கு அருகே கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினால், வானில் பறந்த களைப்போடு நாட்டின் பாதி நீளத்துக்கும் மேலாக வீதியில் வரவேண்டும். சென்னை ஊடாக வரும் புலம்பெயர் உறவினர்களும், பொதி அதிகமில்லாவிடில், பலாலியையே தெரிவுசெய்யலாம்.