தஞ்சாவூரில் குடியேற: பழைய வீதியா, புது நகரா, அடுக்குமாடியா?

ஓய்வு பெற்று ஊர் திரும்ப நினைக்கும் நண்பர்கள் சிலர் இந்த வருஷம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: தஞ்சாவூரில் எங்கே வீடு பார்ப்பது? மூன்று விதமான இடமும் எனக்குப் பழக்கம்தான். பழைய ராஜவீதிகளில் ஒன்றான மேலவீதிக்குப் பக்கத்துச் சந்தில் 11 வருஷம் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அப்புறம் ஊருக்குத் தெற்கே புதிதாக மனை போட்ட ஒரு நகரில் மனை வாங்கிக் கட்டி வந்து 9 வருஷமாகிறது. அக்கா மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறாள். அவள் கால் முறிந்து கிடந்த 3 மாதமும் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொண்டேன். விலையையும் சதுரடியையும் தரகர் சொல்லிவிடுவார். அக்கம்பக்கம் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் மண். புதாறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாய்க்குத் தெற்கே போகப் போக நிலம் மேடாகும். வல்லம் பக்கம் செம்மண், தண்ணீர் நிற்காது. வடக்கிலும் கிழக்கிலும் வடவாறு, வெண்ணாறு பக்கமெல்லாம் நஞ்சை. அங்கே வயலை மனையாக்கியிருந்தால், பழைய வடிகால் வாய்க்கால் எங்கே போனது என்று கட்டாயம் கேளுங்கள். அதை மூடிவிட்டு மனை போட்ட இடத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தெருவே குளமாகும். அப்போது அவரவர் தன் வாசலை மட்டும் மண்ணடித்து உயர்த்துவார்கள். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், பேச்சும் நின்றுபோகும்.

பழைய வீதியின் பெரிய பலம், அங்கே உறவு நமக்கு முன்பே இருக்கிறது. நாம் போய்ச் சேர்ந்துகொண்டால் போதும். காலையில் கோலம் போடும்போதே நாலு பேரிடம் பேசிவிடலாம். வைகாசியில் கருட சேவைக்கு 20க்கும் மேற்பட்ட பெருமாள்கள் ராஜவீதிகளில் வரிசையாக எழுந்தருளும்போது, நாம் எங்கும் போகவேண்டாம், திண்ணையில் நின்றால் போதும். என் மகனுக்குக் காய்ச்சல் என்றால் நான் சொல்வதற்கு முன்பே பூக்காரம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அது சில நாள் எரிச்சலாகவும் இருந்தது, மறைக்கவில்லை. நம் வீட்டுச் சண்டை ரேழியைத் தாண்டித் தெருவுக்குப் போகும். கார் நிறுத்த இடம் கிடையாது. இதையெல்லாம் விட எனக்கு வலித்தது வேறு. பழைய வீதிகளில் வாடகைக்குக் கேட்கும்போது, பெயருக்கு அடுத்து வரும் கேள்வி "நீங்க யாரு?" என்பது. பதிலைப் பொறுத்து, வீடு காலியாக இருந்தும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். எங்களுக்குக் கிடைத்தது. எங்களோடு வீடு தேடிய என் தோழிக்குக் கிடைக்கவில்லை. அந்த வீதியை நான் எவ்வளவு நேசித்தாலும் இதைச் சொல்லாமல் பரிந்துரைக்க முடியாது.

ஒரு இடத்தின் குணம் சாவு வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. சந்தில் எதிர்வீட்டுத் தாத்தா ராத்திரி 2 மணிக்குப் போனார். விடிவதற்குள் பெஞ்சும் பந்தலும் வந்துவிட்டன. எடுக்கும் வரை தெருவில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. மதியம் மூன்று வீட்டிலிருந்து அந்தக் குடும்பத்துக்குச் சாப்பாடு போனது. அக்காவின் அடுக்குமாடியில் மூன்றாவது மாடிப் பாட்டி இறந்தபோது லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. நாலு பேர் படிக்கட்டு வழியாகத் தூக்கி இறக்கினார்கள். உடலைக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் குளிர்பெட்டியில் வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வந்து கும்பிட்டுவிட்டு, வண்டியை மெதுவாக ஒதுக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் பாட்டியின் பெயரை என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அடுக்குமாடிக்கும் நியாயம் செய்யவேண்டும். வாட்ச்மேன் உண்டு, திருட்டுப் பயம் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும்போது கதவைப் பூட்டிவிட்டு 2 மாதம் போய்வரலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அக்கா வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது, தண்ணீர் ஏறியது. எங்கள் பழைய போர்ஷன்காரர்கள் கொல்லைக் கிணற்றில் இறைத்துக்கொண்டார்கள். நகரில் இருந்த நாங்கள்தான் திண்டாடினோம். 5 நாள் கரண்ட் இல்லை, போர் மோட்டாரை விட்டால் வேறு வழி இல்லை.

ஆனால் எங்கள் நகர் தெருவாக மாறியது அந்த 5 நாளில்தான். அதுவரை 40 வீடும் 60 காலி மனையும் இருந்த இடம். காலி மனையில் கருவேலம், ராத்திரியில் பாம்புப் பயம், பக்கத்து வீடே கூப்பிடு தூரம். ஒருவர் ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவர, அதை வீடு வீடாக இழுத்துப் போய் மேல்தொட்டிகளை நிரப்பினோம். விழுந்த முருங்கைகளை எல்லாரும் சேர்ந்து வெட்டினோம். பொங்கலுக்குள் நலச்சங்கம் பதிவாகிவிட்டது. சங்கப் பணத்தில் முதலில் வாங்கியது 20 பெஞ்ச், ஒரு பெரிய தார்ப்பாய், சமையல் பாத்திரங்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ரம்ஜானில் எங்கள் தெருவுக்கு நோன்புக் கஞ்சி வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும். மனையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதால் எல்லாச் சாதியும் எல்லா மதமும் ஒரே தெருவில் இருக்கிறோம். இதற்காகவே நான் திரும்ப மேலவீதிக்குப் போகமாட்டேன்.

நகரில் வேலையும் அதிகம். ஊராட்சி எல்லையில் இருக்கும்வரை, தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் கிராமசபையில் போய் உட்கார்ந்து கேட்கவேண்டும். வாங்குமுன் இரண்டு காகிதம் பாருங்கள். ஒன்று, சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்பது. இல்லாவிட்டால் தார் போடச் சொல்லிக் கேட்பதே பெரும்பாடு. இரண்டாவது, மனைப்பிரிவு அங்கீகாரம். அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் வந்த திட்டம், 2016 அக்டோபர் 20 வரை போட்ட மனைப்பிரிவுகளுக்குத்தான்.

வயதான இருவர் மட்டும், மாடி ஏற முடியாது, தினம் கோயிலுக்குப் போகவேண்டும் என்றால் பழைய வீதியில் வாடகைக்கு எடுங்கள், கிடைத்தால். வருஷத்தில் பாதி ஊரில் இருக்கமாட்டோம் என்றால் அடுக்குமாடி. இன்னும் 10 வருஷம் ஓடியாடி வேலை செய்யத் தெம்பு இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் நகருக்கு வாருங்கள். பாதி மனையாவது வீடாகியிருக்கும் நகராகப் பாருங்கள். பால்காரர் வரும் நேரத்துக்குப் போய் அவரிடமே கேளுங்கள். எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது, எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, மழையில் எந்தத் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.